பற்றாத தம்பி

இந்தத் தம்பியும் எரியாமலே கீழே விழுந்தான்.

கோமதித்தாய் கரிசல் காட்டுக்குள் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தம்பி என்றால் பிள்ளையில்லை. காகிதக் குழாயில் மருந்து அடைத்த சின்ன வாணம். அவனைச் சுமந்து போகிற பெரிய வாணத்துக்கு அண்ணன் என்று பெயர். அண்ணன் எரிந்து தீர்ந்ததும், தம்பி அங்கேயே பற்றிக்கொண்டு இன்னும் மேலே சீறிப் போகவேண்டும்.

இந்த யோசனையே கோமதித்தாய் கொண்டு வந்ததுதான். ரஷ்யாக்காரர்கள் ஏவிய செயற்கைச் சந்திரனைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததை வாத்தியார் வகுப்பில் வாசித்துக் காட்டினார். "ராக்கெட்டு மேல ராக்கெட்டு ஏறிப் போச்சாம்ப்பா" என்று வீட்டில் வந்து சொன்னாள். கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வாணம் செய்கிற அவள் அப்பா சங்கரசுப்புவுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

முதல் தம்பி கனம் கூடிப்போய் அண்ணனையும் சேர்த்துக் கவிழ்த்தான். அடுத்தவனை இளைக்க வைத்தார். அவன் தரையிலேயே அண்ணனோடு எரிந்துபோனான். பிறகு இருவருக்கும் நடுவே திரி வைத்தார். அதற்குப் பின் வந்த தம்பிகள் ஒழுங்காக மேலே போனார்கள். ஒருவனும் பற்றவில்லை.

"என்ன வே, உம்ம ராக்கெட்டு தூங்கவா மேல போகுது?" என்றார் வாணவேடிக்கைச் செலவை ஏற்றிருந்த நெல்லைநாயகம். "நாளைக்கு ஆடித் தபசுலயும் இப்படி விழுந்துச்சுன்னா, அடுத்த வருசம் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

அப்பா வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "சிவகாசிக்குக் கூலி வேலைக்குப் போயிருவோம் தாயி. என் கைக்கு ராசியில்ல."

"என் பள்ளிக்கூடம்ப்பா?"

கோமதித்தாய் சோற்றைத் தள்ளிவைத்தாள். எல்லாம் தன்னால் வந்த வினை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் கடைசி அண்ணனையும் தம்பியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, அப்பா குளிக்கப் போனார். அப்போது அம்மா சுந்தரம்மாள் உள்ளே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கோமதியம்மன் கோயிலில் பிரசாதமாக வாங்கிய புத்துமண்ணை எடுத்துத் தண்ணீரில் குழைத்தாள். அண்ணன் தலையும் தம்பி காலும் சேருகிற இடத்தில், திரியின் மேலேயே அப்பினாள்.

"கோமதியம்மா, இதுக்கு முந்தியெல்லாம் கொஞ்சமா வச்சேன். இந்தத் தடவை நிறையவே வைக்கேன். கைவிட்டுராத தாயே!"

கோமதித்தாய் நேற்று விழுந்த தம்பியை எடுத்துப் பார்த்தாள். அவன் காலில் ஒட்டியிருந்த மண்வரைக்கும் திரி கருகியிருந்தது. மண்ணைத் தாண்டி வெள்ளையாகவே இருந்தது.

தீயை அவித்தது அந்த மண்தான். அப்பாவிடம் சொன்னால் அம்மாவை வைவார். அம்மாவிடம் சொன்னால், 'என் கையாலயே கெடுத்தேனே' என்று உடைந்துபோவாள்.

அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"யம்மா, கழுத்துல இம்புட்டு மண்ணை அப்புனா தம்பிக்கு மூச்சு முட்டும்லா? வால்குச்சியில வை. அதுதான வாணத்தை நேரா கொண்டு போகுது?"

அம்மா மோவாயில் விரலை வைத்தாள். "அதுவும் சரிதான் ஏட்டி. ரஷ்யாக்காரனும் வால்லதான் வைப்பானோ?"

"அவன் புத்துமண்ணுக்கு எங்க போவான்?"

அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று. மண்ணை வழித்து வால்குச்சியில் பூசினாள். அப்பா வந்ததும், "திரி ஈரமா இருக்குப்பா, மாத்திரு" என்றாள் கோமதித்தாய். எதற்கு என்று கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. மாற்றிக் கட்டினார்.

அந்தி சாய்ந்ததும் அண்ணன் சீறிக்கொண்டு கிளம்பினான். உயர்ந்தான். அவிந்தான். வானம் இருட்டாகக் கிடந்தது.

"போச்சு" என்றார் நெல்லைநாயகம்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கோமதித்தாய் அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள்.

சட்டென்று மேலே ஒரு பொறி. தம்பி கோபுரத்துக்கும் மேலே, நட்சத்திரங்களைத் தொடப்போகிறவன் போலச் சீறிக்கொண்டு போனான். நெல்லைநாயகத்தின் வாயிலிருந்த வெற்றிலை வேட்டியில் விழுந்தது.

"பாத்தியாட்டி, எல்லாம் புத்துமண்ணு!" என்றாள் அம்மா.

"ஆமாம்மா, வால்ல வச்சதுதான்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "தாயி, இவனுக்கு மேல இன்னொரு தம்பியை ஏத்துனா என்ன?"

அம்மா அவசரமாக முந்தானை முடிச்சைத் தடவினாள். "மண்ணு பத்துமா?"

"தம்பி எத்தனை பேரானாலும் வால் ஒண்ணுதானம்மா" என்றாள் கோமதித்தாய். "தாராளமாப் பத்தும்."