நேராக வந்த தாள்கள்

அச்சு என்பது மனித குலத்தின் இரண்டாவது மூச்சு. ஈயத்தில் வார்த்த சொல்லுக்கு மரணமில்லை. லாவண்யா தன் டிசைன் கல்லூரி ப்ராஜெக்ட் முன்னுரையை இப்படித்தான் தொடங்கியிருந்தாள். அந்த முன்னுரை கல்லூரி லேசர் பிரிண்டரில் அடிக்கப்பட்டது. ஈயத்தை அவள் தொட்டது இன்றைக்குத்தான், அதுவும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு.

தொண்ணூற்றொன்பது ஜூலை, ஞாயிற்றுக்கிழமை மதியம். மர்பி டவுன் சந்தொன்றில் ராஜேந்திரனின் ஒற்றை அறை அச்சகம். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, மண்ணெண்ணெயும் மையும் நமுத்த காகிதமும் சேர்ந்த வாடை தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. நடுவில் காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம். மிதித்தால் சக்கரம் சுற்றும், இரும்பு வாய் திறக்கும். அது மூடுவதற்குள் தாளை உள்ளே இரண்டு பித்தளைப் பின்களில் முட்டும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

முதல் ஏழு தாளும் கோணல். எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு.

"அங்கிள், பின் லூசா இருக்கா?"

"அதெல்லாம் கரெக்டா கீது. இந்த மிஷின்ல அப்டித்தாம்மா வரும்." மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராஜேந்திரன் சட்டைப் பொத்தானைப் போட்டார். "மர்பி டவுன்ல கண்ணாலம் கட்னவன் எவன் பத்திரிகையாவது நேரா இருக்கா, கேட்டுப் பாரு. ஒருத்தனும் வாழாம போவல."

"காலேஜ் ஜூரி ஒத்துக்க மாட்டாங்க. எனக்கு நேரா வேணும்."

அவர் விரல்கள் பொத்தானில் நின்றன. "இங்க நின்னு அப்டிக் கேக்காதம்மா. சும்னே கோணலாவே இருந்துட்டுப் போவட்டும்."

'உழைக்கும் வர்க்கத்தின் அழகியல் சமரசம்' என்று அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பிரியாணிக்குப் போனார்.

நாளை காலை பத்து மணிக்கு ப்ராஜெக்டை மதிப்பிட ஜூரி உட்காரும். நேரான தாள் இருபது வேண்டும். இந்த முறையும் தவறினால் டிசைனுக்கு முழுக்கு. அப்பா ஓசூரில் பி.காம். விண்ணப்பமே வாங்கி வைத்துவிட்டார்.

"நேரா வா," என்றாள் சத்தமாகவே.

எட்டாவது தாள் நேராக வந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். கை பழகிவிட்டது என்று நினைத்தாள். பிறவித் திறமை என்ற சொல்லும் மனதில் வந்து போனது.

நேரான தாள்கள் பதினைந்து ஆனபோதுதான் ஓரத்தைப் பார்த்தாள். மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு. அவள் விரலைப்போல் இரண்டு மடங்கு. தன் கையுறையைத் திருப்பிப் பார்த்தாள்: சுத்தமாக இருந்தது. காய வைத்திருந்த மற்றத் தாள்களைப் புரட்டினாள். நேராக வந்த எல்லாவற்றிலும் அதே ரேகை, அதே இடத்தில்.

சக்கரத்தின் கடகடப்புக்குள் இன்னொரு சின்னச் சத்தம் இருந்ததும் இப்போதுதான் உறைத்தது. வாய் மூடுவதற்குச் சற்று முன்னால், தாளைப் பின்னோடு ஒட்டித் தட்டுகிற சத்தம். டக்.

அவள் தட்டவில்லை.

அடுத்த தாளை வேண்டுமென்றே கோணலாக வைத்தாள். திறந்த வாய்க்குள் அது மெல்லத் திரும்பியது. பின்னில் முட்டி நின்றது. டக்.

அப்போதே ஓடியிருக்கலாம். ஷட்டர் பாதிதான் இறங்கியிருந்தது. ஆனால் நேரான தாள் பதினாறு ஆகியிருந்தது. இன்னும் நாலுதான்.

பதினேழு. பதினெட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பத்தொன்பது.

இருபதாவது தாளோடு உள்ளே போன கை வெளியே வரவில்லை.

மணிக்கட்டில் ஒரு பிடி. ஈரமாக. ஜில்லென்று. எதிரில் யாருமில்லை. வெள்ளைக் கையுறையில் மட்டும் கறுப்பாக ஒரு விரல் தடம். இன்னொன்று. இன்னொன்று.

தாள் நழுவித் தரையில் விழுந்தது.

அது இருந்த இடத்தில் அவள் உள்ளங்கை விரிக்கப்பட்டது. விரல்கள் ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தப்பட்டன. சுண்டுவிரல் கொஞ்சம் கோணலாக நின்றது. அதுவும் திருப்பப்பட்டது. பின்னில் முட்டியது.

டக்.

இரும்பு வாய் மூடிக்கொண்டு வந்தது.

அறையில் வேறு யாருடைய காலும் இல்லை. மிதித்துக்கொண்டிருந்தது அவள்தான்.