சொட்டாத குழாய்

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஹீட்டர் மாட்டுகிறவன் நான். சொந்தத் தங்கச்சி வீட்டுக்கு மாட்ட மட்டும் நேரம் கிடைக்கவில்லை. அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான், ஒரு நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். புதிதாக வாடகைக்குப் பிடித்த வீடு. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு சின்ன ஹீட்டர் போதும் என்றாள்.

குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. சுவரில் பழைய டைல்ஸ், ஒரு மூலையில் மட்டும் புதுசு. அதே மூலையில், மேலே கூரையிலும் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெந்நீரில் அவிந்த துணியின் வாடை அடித்தது. பூட்டிக் கிடந்த வீடு, வாடை அடிக்கத்தான் செய்யும் என்று வேலையைப் பார்த்தேன்.

"இந்தக் குழாய் எதுக்குண்ணே? சும்மா தொங்குது," என்றாள் தங்கச்சி, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி.

"அதுலதான் உங்க உசுரே இருக்கு. இது மூடின டப்பா. தண்ணி சூடானா உப்பும். உப்பினது இந்தக் குழாய் வழியா சொட்டுச் சொட்டா வெளியே வரணும். என்ன ஆனாலும் இதோட வாயை அடைக்கக் கூடாது. அடைச்சு வெச்சு, சூட்டை நிறுத்துற தெர்மோஸ்டாட்டும் மக்கர் பண்ணுச்சுன்னா, டப்பா வெடிச்சிரும்."

"ராத்திரி பூரா சொட்டினா எப்படித் தூங்கறது?"

"தூங்காட்டி என்ன, உசுரோட இருப்பே."

முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு வாசலை மறித்து உட்கார்ந்து, முதல் சொட்டுக்காகக் காத்திருந்தேன்.

ஹீட்டர் உறுமியது. சொட்டு வரவில்லை.

குனிந்து பார்த்தேன்.

குழாயின் வாயில் கட்டை அடித்திருந்தது.

கத்தியால் சீவிய மரக்கட்டை. அதைச் சுற்றி, பூப்போட்ட தலையணை உறையிலிருந்து கிழித்த துணி. குறட்டால் பிடுங்கினேன். தண்ணீர் சீறி என் கையைச் சுட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கட்டையும் கையுமாக முன்னறைக்குப் போனேன். "யாரு பார்த்த வேலை இது?"

"நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லையே," என்றாள் தங்கச்சி. பேச்சுத் துணைக்கு வந்திருந்த எதிர்வீட்டு அக்கா, அந்தத் துணியைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"முன்னாடி இங்க இருந்த அம்மாவோட தலையணை தம்பி இது," என்றாள் அடங்கிய குரலில். "சொட்டுச் சத்தத்துல கண்ணை மூட முடியலேன்னு புலம்பிக்கிட்டே இருப்பாங்க. கடைசியில கட்டையைச் சீவி அடைச்சிட்டாங்க. மறுநாள் குளிக்கப் போனவங்கதான். ஹீட்டர் வெடிச்சு, கூரையே பேந்துபோச்சு."

குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

டக். டக். டக்.

என் சுத்தியலை அங்கேதான் வைத்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் ஆளில்லை. குழாயில் மறுபடியும் கட்டை. அதே பூ. என் காதுக்குப் பின்னால் சூடான, ஈரமான மூச்சு பட்டது.

"தூங்கணும்..."

மின்சாரத்தை நிறுத்தி, ஹீட்டரைக் கழற்றி, இரண்டு கட்டை, சுத்தியல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பையில் அள்ளிப் போட்டேன். "கிளம்பு. இனிமே இங்க இருக்க வேண்டாம்," என்றேன். எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவள், அன்று குழந்தையின் துணிகளை அவசரமாக மூட்டை கட்டினாள். குழந்தையோடு என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன்.

என் வீட்டு ஹீட்டரும் சொட்டுகிறதுதான். அடியில் வாளி வைத்திருக்கிறோம். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது.

சாயங்காலம் தங்கச்சி குழந்தையைக் குளிப்பாட்ட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கட்டைகளை அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்று பையைத் திறந்தேன்.

கட்டைகள் இல்லை. சுத்தியலும் இல்லை.

"அண்ணே," உள்ளிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். "உங்க வீட்டுச் சொட்டு நின்னுபோச்சே. ரிப்பேர் பண்ணிட்டியா?"

பாய்ந்து போய், வெளியே இருந்த ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன். சுவிட்சின் சிவப்பு விளக்கு அணைந்தது. உள்ளே ஹீட்டரின் உறுமல் மட்டும் அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது.

"கதவைத் திற! குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளியே வா!" தோளால் முட்டினேன். தாழ்ப்பாள் அசையவில்லை.

"மெதுவாப் பேசுண்ணே..." குரல் குழைந்து வந்தது. "ரொம்ப நாள் கழிச்சு, இப்பத்தான் தூக்கம் வருது."

டக். டக். டக்.