வெட்டிவேர்ச் சரிவு

என் பெயர் டென்னிஸ். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தோட்ட வேலைக்கு சூப்பர்வைசர். அன்று காலை ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கிய புது ஆள் நேராக என்னிடம் வந்தாள்.

"தங்கமாரி, சார். இசக்கியப்பன் வீட்டுக்காரி."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

இசக்கியப்பன் என்னிடம் தோட்ட வேலை பார்த்து, போன ஐப்பசி மழையில் காணாமல் போனவன். சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான் என்று எல்லோரையும் நம்பவைத்தவன் நான்.

"அவுக ஊருக்கு வரலியே சார். அதான் நானே தேடி வந்துட்டேன்."

தொழிற்சாலைக்குப் பின்னால் மழைநீர்க் குளம். கரை சரியாமலிருக்க வெட்டிவேர் நட்டிருந்தோம். தூர்தூராக வளரும் ஆளுயரப் புல். அதன் வேர் பக்கவாட்டில் ஓடாது. நேரே கீழே இறங்கும். அந்த ஐப்பசி மழையில் கரை சரிந்து, பிறகு மறுபடி நட்ட இடத்தில் மட்டும் புல் ஒரு முழம் கூடுதலாக, கரும்பச்சையாக நின்றது. பத்து நாள் அவளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் மதியம் சாப்பிட்டுத் திரும்பினால், அங்கேதான் நின்றாள்.

வெயில் கொளுத்தியது. துளிக் காற்றில்லை. ஆனாலும் ஈரவேரின் வாசனை மூச்சை அடைத்தது.

"அங்க இன்னா பண்ற? மேல வா!"

அவள் வரவில்லை. ஒரு தூரை இரு கையாலும் பற்றியிருந்தாள். இறங்கிப் போனேன்.

"இதப் பிடிச்சுப் பாருங்க, சார்."

பிடித்தேன்.

கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

மெதுவாக. விடாமல்.

"அவுகதான்," என்று கிசுகிசுத்தாள். "நான் வந்ததுலருந்து இழுக்காக."

கையை உதறி எடுத்தேன். "நான்தாம்மா கொளத்துக் கொயாய்ல அடைப்பு எடுக்க அவன எறக்கி வுட்டேன். மழை ஊத்திகினு இருந்துச்சு. 'மேல வரட்டுமா சார்'னு கேட்டான், முடிச்சிட்டு வான்னுட்டேன். கரை சரிஞ்சு மூடிகிச்சு. பயத்துல வாயே தொறக்கல."

அவள் அழவில்லை. என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள்.

"தோண்டுங்க."

இடுப்பளவு ஆழத்தில் கிடைத்தான். விலா எலும்புகளுக்குள் புகுந்து, விரல்களில் பின்னி, வேர்கள் அவனை இறுக்கியிருந்தன. போலீஸ் ஒவ்வொன்றாக அறுத்துத்தான் எடுத்தது. தங்கமாரி அவனை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தாள். நான் கைதானேன்.

நான்கு நாள் கழித்து, இடத்தை அடையாளம் காட்ட என்னைக் கூட்டி வந்தார்கள். குழியை மூடியிருந்தார்கள். ஏட்டு கரையில் உட்கார்ந்து எழுதினார். பட்டப்பகல்.

என் பாதத்துக்கு அடியில், மிகப் பணிவாக ஒரு குரல்.

"சார்... மேல வரட்டுமா?"

ஏட்டின் பேனா நின்றது.

"கீழ யாருய்யா?"