இரண்டு மாதம் குறைவு

காபி ஆறிப்போயிருந்தது. முத்திருளன் அதைத் தொடவே இல்லை. அவன் கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. உறையின் மேல் அன்னக்கொடியின் பெயர்.

“வருமான வரி ஆபீசுலருந்து ஒனக்கு எதுக்குடி கடுதாசி?”

அன்னக்கொடி அடுப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான். ஆனால் அது சர்க்கார் முத்திரையோடு வந்து நிற்கும் என்று அவள் நினைத்ததில்லை.

“மில்லுல பிராவிடன்ட் பண்டு பத்தாயிரத்து எரநூறு வாங்கியிருக்கே... அதக் கணக்குல காட்டலையாம், ரிட்டர்ன் எழுதிக் குடுக்கணுமாம். கையெழுத்துப் போட்டு வாங்குனவ நீ. நம்ம பொட்டப்புள்ளைக்குன்னு வச்ச காசு, எனக்கு ஒரு வார்த்த சொன்னியா? வேலைய விட்டப்போ ‘அஞ்சு வருசம் முடியல, ஒண்ணும் தேறல’ன்னுதானே சொன்னே!”

“என்னங்க... நான்...”

“அந்த வருசந்தானே மேலூருல ஒங்கண்ணன் காரை வீடு கட்டுனான்? எங்கண்ணன் ஆபரேசனுக்குப் பத்தாயிரம் குடுத்து எனக்கு உசிரு குடுத்தாரு. எம்பொண்டாட்டி பத்தாயிரத்தக் கொண்டுபோயி பொறந்த வீட்டுக்குக் கூரை போட்டிருக்கா!”

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கிட்னியில் கல் எடுத்து, பாதி உடம்பாய் வீடு திரும்பிய மனிதன், இப்போது லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து எழுதும் வேலைதான் பார்க்கிறான். கோபத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. கத்தினால் தையல் போட்ட இடம் வலிக்குமே என்றுதான் அப்போதும் அவள் மனசில் ஓடியது. என்ன பெண் ஜென்மமோ!

மாமியார் ரெங்கம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் அடைந்தால் அலங்காநல்லூர் மூத்த மகன் பெருமை பாடுகிறவள், “மில்லு வேலைய விட்டுட்டு ஒக்காந்து திங்குறா” என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறவள், அன்றைக்கு மட்டும் ஏனோ தலையைத் தூக்கவில்லை.

“கெளம்பு. என் முன்னால எழுதிக் குடு. எல்லாம் வெளிய வரட்டும்” என்றான் முத்திருளன்.

ஆனையூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது அவள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.

வரி ஆபீசுக்கு எதிரே, தகரக் கொட்டகையில் டைப்ரைட்டர் வைத்து ரிட்டர்ன் எழுதித் தருகிறவர் சோணைமுத்து. கடுதாசியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“வேலைல சேந்தது எப்பம்மா?”

“எழுவத்தேழு ஏப்ரலு.”

“விட்டது?”

“எம்பத்திரண்டு பிப்ரவரி.”

சோணைமுத்து விரல் மடக்கி எண்ணினார். “அடப்பாவமே! நாலு வருசம் பத்து மாசம். அஞ்சு வருசம் முடிஞ்சு எடுத்திருந்தா சல்லிக்காசு வரி கெடையாது. ரெண்டு மாசம் பொறுக்க மாட்டாமயா விட்டே?”

சோணைமுத்து டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினார்.

“சரி, வழி இருக்கு. ஒடம்புக்கு முடியாம வேலைய விட்டேன்னு காட்டினாலும் வரி விழாது. ஒரு டாக்டர் சீட்டு வாங்கியாந்துரு, போதும்.”

“எனக்கு ஒண்ணுமில்லண்ணே. நல்லாத்தான் இருந்தேன். பொய் எழுத வேணாம்.”

“பெறகு ஏன்மா விட்டே?”

அவளுக்கு அசதியாக இருந்தது. இரண்டு வருஷத்து அசதி. இனி ஒரு பொய்யைக்கூடச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

“நோவு எனக்கில்லண்ணே... இவுகளுக்கு. ஆபரேசனுக்கு டாக்டரு ஒரு வாரந்தான் கெடு குடுத்தாரு. வேலைல இருந்தா கொஞ்சந்தான் தருவோம், விட்டா முழுசும் தருவோம்னு மில்லுல சொன்னாக.”

முத்திருளன் திரும்பி அவளைப் பார்த்தான். எண்பத்திரண்டு பிப்ரவரி... ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் துடித்துக் கிடந்த மாதம்!

“அண்ணன்... அண்ணன் குடுத்த பணம்னியே?”

“பெரியவுக குடுத்தது முந்நூறு ரூவா. கூடப்பொறந்தவரே கைய விட்டுட்டாருன்னு தெரிஞ்சா நீங்க மனசு விட்டிருப்பீக. ‘நம்ம பொட்டப்புள்ளைக்கு வச்சிருக்கிற மில்லுக் காசத் தொட்டா ஆபரேசனே வேணாம்’னு வேற சொல்லிட்டீக. நான் வேற என்னங்க செய்ய?”

“நேத்துவரைக்கும் அவரு கால்ல விழுந்து கும்பிட்டேனேடி... ஒருக்காகூட இல்லன்னு சொல்லலையே அந்த மனுசன்! காலைல ஒன்ன என்னவெல்லாம் பேசிட்டேன்...” அவன் பெஞ்சில் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

பிறகு சோணைமுத்துவிடம் திரும்பினான். “அண்ணே, பொய்ச்சீட்டு வேணாம். புருசன் நோவுக்காக இவ வேலைய விட்டாள்னு எழுதுங்க.”

“அதுக்குச் சலுகை கெடையாது மாப்ள. வரி கட்டணும்.”

“கட்டுறேன். என் உசிருக்கு உண்டான வரி. நாந்தான் கட்டணும்.”

அவர்கள் வீடு திரும்பியபோது ரெங்கம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். மகன் ரிட்டர்னின் நகலை நீட்டினான். எழுத்தறியாத கிழவி அதை வாங்கவில்லை.

“படிக்க வேணாம்ப்பா... எனக்குத் தெரியும்.”

அன்னக்கொடி திடுக்கிட்டாள். “அத்தே!”

“அலங்காநல்லூருலருந்து அந்த முந்நூற மடியில முடிஞ்சுகிட்டு பஸ் ஏறுனவளே நாந்தானேடி. மறுநாளு பெரியவுக பத்தாயிரம் குடுத்துவிட்டாகன்னு நீ சொன்னே. எம்புட்டு நேரம் ஒம்மூஞ்சியப் பாத்தேன் தெரியுமா? கேட்டா, நான் பெத்தவன் ஈரமில்லாதவன்னு ஆயிருமேன்னு கேக்கல. அத மறைக்கத்தான் தெனமும் அவன் பெருமையப் பேசுனேன். ஒன்ன ஏசுனேன். பாவி... நான் பாவிடி!”

காலில் விழக் குனிந்த கிழவியை அன்னக்கொடி தாங்கிப் பிடித்தாள். மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதாள்.

“அழுதது போதும்த்தா. செத்த நேரம் படு. இன்னிக்கு நான் ஒல வைக்கிறேன்” என்றாள் ரெங்கம்மாள்.

அன்னக்கொடி பட்டப்பகலில், அந்த வீட்டில் முதல்முறையாக, பாயை விரித்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.