குமிழி நிற்கும் வரை

ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் வந்தது.

அனுசுயா ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அந்த நிக்கல் கவரை ஒரே ஒரு முறைதான் தட்டினாள். மேஜை ஓரத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயர் ‘டொக்’ என்றது. அது சரி. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, அவள் கை அசையாமல் இருக்கும்போதே, இன்னொரு ‘டொக்’ வந்தது.

மத்தியானம் மூன்று மணி. முதலிபாளையம் தொழிற்பேட்டையின் கடைசி வரிசை ஷெட். கிட்டுசாமி இருபது வருஷம் பனியன் துணி ஓட்டிய இடம். இப்போது அவர் மகன் யுவன் நிட்டிங் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பிக்கப் செய்கிறான். தந்தி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற, காந்தமும் மயிரிழைச் செம்புக் கம்பியும் சேர்ந்த கட்டை. உள்ளங்கையில் அடங்கும். அதற்கு உலோகக் கவர் போடுவதுதான் அனுசுயாவின் வேலை. கவரை மாட்டி, உருகிய மெழுகில் அமிழ்த்தினால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். குமிழி நின்றபின் எடுத்து, ஆறுகிறவரை அழுத்திப் பிடித்து, ஓரத்தில் இரண்டு இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் முடிந்தது.

“துளி காத்து உள்ள நின்னாலும் போச்சுங்க்கா,” என்று சேர்ந்த அன்றே யுவன் சொல்லியிருந்தான். “பிக்கப்பே மைக் ஆயிரும். பக்கத்துல நின்னு பேசறதெல்லாம் ஸ்பீக்கர்ல கேக்கும். பொறவு வாங்குனவன் நம்மளையும் சேத்துப் பேசுவான். குமிழி நிக்கற வரைக்கும் எடுக்காதீங்க.”

உள்ளே காற்று தங்கியிருக்கும். அவ்வளவுதான். அனுசுயா வயரைக் கழற்றாமலே பிக்கப்பை மறுபடி மெழுகுச் சட்டிக்குள் இறக்கினாள்.

கூரை ஃபேன் பழைய பஞ்சைத் தாடியாகத் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றியது. உருகிய மெழுகின் வாசனை, ஈயப்புகையின் வாசனை, அவற்றுக்கு அடியில், ஜன்னல் இல்லாத இந்த ஷெட்டுக்குள் எப்படி வந்தது என்று தெரியாமல், ஈரச்சுவரில் ஊறிய சாயத் தண்ணீரின் வாசனை. மற்ற இருபத்து மூன்று பிக்கப்புகளும் பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டன. இது அடங்கவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. நாலைந்து சேர்ந்தாற்போல் மேலே வரும். நிற்கும். மறுபடி நாலைந்து வரும். தூங்குகிறவன் மூச்சு மாதிரி ஒரு சீர் அதில் இருந்தது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பயம் வரவில்லை. மூன்று மாதமாக எதுவுமே அப்படித்தான். சோறு உப்பா காரமா என்று தெரியவில்லை, தூங்கினோமா இல்லையா என்று தெரியவில்லை. தம்பி முருகவேலை எரித்த அன்றுகூடக் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பிக்கப்பை வெளியே எடுத்துத் துடைத்தபோது செல்போன் அடித்தது. அம்மா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒச்சாயி இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள்.

“ஏத்தா, சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்மா.”

“என்னத்தச் சாப்ட்ட? குரலு கெணத்துக்குள்ள இருந்து வருது.” ஒச்சாயி மூக்கை உறிஞ்சினாள். “தம்பிக்கி நூறாவது நாளு சாமி கும்புடணும். நீ வரணும். அன்னைக்கி அவன் மேல அந்தத் தொட்டி மூடியப் போட்டவன் மட்டும் என் கையில சிக்கட்டும், ஈரக்கொலைய உருவிப்புடுறேன்.”

“தானா விழுந்துருக்கும்மா.”

“அம்புட்டு கனத்த மூடி தானா விழுமாக்கும்? நீயும் அந்தச் சாயப்பட்டறையிலதான வேல பாத்த? ஒனக்குத் தெரியாம எவன்டி போட்டான்?”

அனுசுயா போனை மறு காதுக்கு மாற்றினாள். அந்தப் பட்டறையில் ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதியதும், வாசலுக்குப் போகிறவர்கள் வழியில் திறந்து கிடக்கும் தொட்டி மூடியைக் காலாலேயே தள்ளிவிட்டுப் போவார்கள். நின்று பார்ப்பதில்லை. வேன் கிளம்பிவிடும். அன்று அவளும் தள்ளினாள். கசடு வழிக்க முருகவேல் உள்ளே இறங்கியிருப்பது அவளுக்குத் தெரியாது. பத்தடி தாண்டியதும் பின்னால் டொக், டொக், டொக் என்று கேட்டது. பாய்லர் பைப் என்று நினைத்தாள். வேனில் ஜன்னலோர சீட் கிடைத்தது.

இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவளுக்கு அம்மா இல்லை, ஊர் இல்லை.

“அம்மா,” என்றது ஆம்ப்ளிஃபயர்.

“ஏத்தா…” ஒச்சாயியின் குரல் மாறிவிட்டது. “அங்கன யாருடி? நம்ம முருகவேலு மாதிரி…”

“ரேடியோம்மா.”

“ரேடியோவா? ஏண்டி, எம்புள்ள குரலு எனக்குத் தெரியாதாடி? அவன்கிட்டக் குடு!”

அனுசுயா போனை அணைத்தாள். பிக்கப்பைப் பார்த்தாள். கவரில் அவள் முகம் நீளமாகத் தெரிந்தது.

“அக்கா.” இம்முறை தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவது போல. “மூடிட்டியாக்கா?”

நாலு மணிக்கு யுவன் வருவான். ஒவ்வொன்றாக ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்பான். இதையும் கேட்பான்.

ஈயத்தை உருக்கிக் கவரைக் கழற்றலாம். திறந்துவிடலாம். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடாகத்தான் இருந்தது, கைக்கு எட்டும் தூரத்தில்.

அவள் மெழுகுச் சட்டியை அருகே இழுத்தாள்.

அமிழ்த்தினாள். குமிழி பொங்கியது. ஆம்ப்ளிஃபயர் தட்டியது. டொக். டொக். டொக். மரக்குச்சியால் அழுத்தினாள், குச்சி வழுக்கியது. விரலாலேயே அழுத்தினாள். மெழுகு விரலைச் சுட்டது. தோல் வெளுத்தது. எரியவில்லை.

“அக்கா, நான்தான். அக்கா.”

அழுத்தினாள்.

தட்டல் வேகமாயிற்று. பிறகு தட்டல் இல்லை, பிராண்டல். தகரத்தில் நகம். பெரிய குமிழி ஒன்று. சின்னது இரண்டு.

ஒன்று.

இல்லை.

மெழுகு கண்ணாடி மாதிரி நின்றது. அவள் மனதுக்குள் நூறு வரை எண்ணினாள். எடுத்தாள். ஆறும்வரை அழுத்திப் பிடித்தாள். ஓரத்து ஈயத்தைப் புதுப்பித்தாள். துடைத்து, இருபத்து நாலின் நடுவில் வைத்தாள்.

யுவன் வந்ததும் வராததுமாக, “ஏனுங்க்கா, மூஞ்சி என்னமோ பேயறைஞ்ச மாதிரி இருக்குது?” என்று சிரித்தான். “டீ சொல்லட்டுங்களா?”

“வேண்டாம் தம்பி.”

வரிசையாக மாட்டித் தட்டினான். ஒரு தட்டு, ஒரு சத்தம். நடுவில் இருந்ததும் அப்படியே. ஒரு தட்டு, ஒரு சத்தம். “அருமைங்க்கா. அத்தனையும் சுத்தம்.”

ஒரு பேட்சில் ஒன்றைப் பிரித்து, மெழுகு உள்ளே முழுக்கப் போயிருக்கிறதா என்று பார்ப்பது அவன் வழக்கம். கை போன இடத்தில் ஒன்றை எடுத்தான். நடுவில் இருந்ததை. அனுசுயா எழுந்தாள். அதற்குள் ஈயம் உருகி, கவர் கழன்றுவிட்டது.

யுவன் கவரைத் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

“இதென்னங்க்கா?”

கவரின் உட்புறம் உறைந்திருந்த மெழுகில் ஒரு வாய் பதிந்திருந்தது. பொம்மை வாய் அல்ல. ஆள் வாய். மேலுதடு, கீழுதடு, வரிசையாகப் பற்கள். கடைசி வரை திறந்த வாய். உதட்டு ரேகைகூடத் தெரிந்தது. சுற்றிலும் சாய நீலம் கசிந்திருந்தது.

யுவன் விரலை அருகே கொண்டுபோனான். சட்டென்று இழுத்துக்கொண்டான்.

“காத்து வருதுங்க்கா,” என்றான், குரல் கம்மி. “உள்ளேருந்து… சூடா.”

“குடுங்க தம்பி.”

வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் கனத்தது. காற்று அவள் மணிக்கட்டில் பட்டது, நின்றது, பட்டது. எதையோ சொல்லத் தொடங்குவதற்காக உதடுகள் குவிந்தன.

அனுசுயா அந்த வாயின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

பற்கள் மூடின.

வலிக்கவில்லை. வெள்ளை மெழுகில் சிவப்பு ஊறிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யுவன் பின்னால் நகர்ந்துகொண்டே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். விரல் நகம் வரை உள்ளே போயிருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.