செங்குவடு நகரத்தின் கடைசிச் சுவர்

செவ்வாயில் செங்குவடு நகரைப் பார்க்கப் போகிறவர்கள், தலைக்கவசத்தில் கண்ணீர் உறிஞ்சி வேலை செய்கிறதா என்று காட்டிய பிறகே ஊர்தியை விட்டு இறங்க முடியும். கவசத்துக்குள் கையை விட்டுக் கண்ணைத் துடைக்க வழியில்லை. அழுதவர்கள் பாதை தெரியாமல் குண்டு விழுந்த பள்ளங்களில் உருண்டதால் வந்த விதி அது.

திலகமணி இறங்கும்போதே உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிலவுக் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை. அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், கோள்களுக்கிடையே நடந்த போரில் ஒரே காலையில் செங்குவடு, அதை மூடியிருந்த காற்றுக்கூரையோடு தரைமட்டமானது. மூன்று மாதக் குழந்தையான அவளைத் தூக்கிக்கொண்டு அம்மா கடைசிக் கப்பலில் ஏறினாள். அப்பா வரவில்லை. அவர் பெயர் பொறித்த தகடு இப்போது அவள் பையில் இருந்தது. எஞ்சிய கட்டடத்தில், சொந்தக்காரரின் வாரிசு ஒரு பெயர்த்தகடு பதிக்கலாம் என்று புதிதாக அனுமதி வந்திருந்தது.

வழிகாட்டி இயந்திரம் அவளை ஒன்பதாம் தெருவுக்கு அழைத்துப் போனது. முன்பு நகர மன்றத்தில் வேலை பார்த்த இயந்திரம் அது. இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்துப் பழுது பார்த்திருந்தார்கள். தெரு முழுக்கச் செம்மண் மேடு. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு சுவர். அதன் மறுபக்கம் ஒரு கிழவர் கவசத்தோடு நெற்றியைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தார்.

அவர் பெயர் அருளப்பன். பூமியில் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். குண்டு விழுந்தபோது ஆறு வயது; விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தவர். அவருடைய அப்பாவும் இங்கேதான் இறந்தார். திலகமணி தன்னிடமிருந்த இரண்டு புளியோதரைக் குழாய்களில் ஒன்றை அவருடைய கவசத்தில் மாட்டிவிட்டாள். இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டதும் அருளப்பன் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார்.

“அதை எங்கே பதிக்கப்போறீங்க, ஐயா?”

“இந்தச் சுவர்லதாம்மா. எங்க வீட்டு மதில்.”

திலகமணி மெதுவாக எழுந்தாள். “இது எங்க அப்பா கட்டினதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

“பக்கத்து வீட்டுக்காரங்க எங்க சுவர்ல கேக்காம ஆணி அடிச்சாங்கன்னு அப்பா அத்தைக்குக் கடுதாசி போட்டிருக்காரு.”

“அது என் தொட்டில் துணி காயப்போட்ட ஆணி.”

“அப்போ அடிச்சது நீங்கதானா?”

அரை மணி நேரத்தில் இருவருடைய உறிஞ்சிகளும் நின்றுவிட்டன. கண்ணீர் இல்லை. சுவர் யாருடையது என்று சொல்லும்படி இருவருமே இயந்திரத்தை அதட்டினார்கள்.

இயந்திரம் ஒளிக்கதிரால் அளந்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டது. “இருவருடையதும் அல்ல. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஆறடிப் பொதுச்சந்து இருந்தது. இருவருடைய தந்தையரும் ஆளுக்கு மூன்றடி எடுத்துக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இடிக்கச் சொல்லி நகர மன்றம் போட்ட உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை. சரிபார்த்துவிட்டதால் நான் நிறைவேற்ற வேண்டும்.”

அதன் வெட்டுக்கரம் வெளியே நீண்டது.

திலகமணி சுவரின் முன்னால் போய் நின்றாள். ஒரு கணம் கழித்து அருளப்பனும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரையே அழித்த குண்டு விட்டுவைத்த ஒரே பொருள் அது.

“மேல்முறையீடு செய்யலாமா?” என்று அவள் கேட்டாள்.

“செய்யலாம். விசாரணை முடியும்வரை இடிக்கக் கூடாது.”

“விசாரிக்கிறது யாரு?”

“நகர மன்றம்.”

“அது எங்கே இருக்கு?”

இயந்திரம் சற்று யோசித்து, கிழக்கே ஒரு பெரிய பள்ளத்தைக் காட்டியது.

அங்கேயே மனு எழுதினார்கள். எங்கள் தந்தையர் இருவரும் ஒற்றுமையாகக் கட்டிய சுவர் என்று அருளப்பன் சொல்லச் சொல்லத் திலகமணி எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். இயந்திரம் வரிசை எண் கொடுத்து, கரத்தை மடக்கிக்கொண்டது. சுவருக்கு இனி அழிவில்லை.

ஆளுக்கொரு பக்கம் தகடு பதித்தார்கள். திலகமணி அப்பாவின் பெயரைக் கையுறையால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கிளம்பும்போது அருளப்பன் சுவரின் மேலே எட்டிப் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா,” என்றார். “சந்துல உங்க பக்கம் மூணடிக்கு மேலே இருக்கிற மாதிரி தெரியுது.”