ஜமீன் நனைத்த கதவு

அகல்யா வாளித் தண்ணீரை மாடிப்படியில் வீசியதும் அருள்மணி படியேறி வந்ததும் ஒரே நொடியில் நடந்தன. முழங்கால் வரை பினாயில் வழிய நின்றவனைப் பார்த்து அவளுக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்... அவன் கண்களைப் பார்த்ததும் கேட்க வந்தது மறந்துபோனது. மழை விட்ட வானம் மாதிரி அத்தனை தெளிவு.

"நல்ல வரவேற்புங்க. நான் வீட்டுக்காரம்மா பையன்."

போச்சு... கீழ்வீட்டுக் கிருஷ்ணம்மாளின் மகன். விடியுமுன் தன் சாயப்பட்டறைக்குப் போய் இருட்டியபின் வருகிறவன். குடிவந்து இருபது நாளில் இன்றுதான் அவனைப் பார்க்கிறாள். விரல் நகமெல்லாம் ஊதா.

"மாடியில பூனை மூத்திர நாத்தம் தாங்கலன்னு அம்மா சொல்லிகினு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள்ள நாத்தம் போவணும். இல்லன்னா பூனை போவணும்."

போளூரிலிருந்து பட்டுக்கடை வேலைக்கு வந்து தனியாக இருக்கும் அகல்யாவுக்கு, மழையில் எடுத்து வந்து ஜமீன் என்று பெயர் வைத்த அந்தப் பூனைதான் பேச்சுத்துணை. அதை எங்கே விடுவாள்?

"பூனை போனா நானும் காலி பண்ணிடுவேன்னு சொல்லுங்க."

அவன் மூக்கைச் சுருக்கினான். "பினாயில் மேல சாம்பிராணி வேறயா? ஆஸ்பத்திரிக்குள்ள கோயில் கட்டின மாதிரி கீதுங்க. பூனைக்கு நான் வேணா..."

"என் வீட்டைக் கழுவ எனக்குத் தெரியும்ங்க." கதவைச் சாத்திவிட்டாள். சாத்தியபின் ஏன் சாத்தினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ரோஷம் வந்தால் அவளுக்கு அறிவு கொஞ்சம் லீவு போட்டுவிடும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் தரையைத் தேய்தேய் என்று தேய்த்தாள். வெளியே மழை ஈரம் ஏற ஏற, வாடை எங்கிருந்தோ எழுந்து வந்தது. ஞாயிறு காலை, ரோஷத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சாயப்பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"சாயந்திரம் வரைக்கும்தான் டைம்... வர்றீங்களா?"

நனைந்த பட்டுநூலைக் கொம்பில் போட்டுவிட்டு, உடனே கிளம்பினான். வழியில் மொபைல் கடையில், செல்போன் திரைமேல் கண்ணாடி ஒட்டப் பயன்படுத்தும் புற ஊதா விளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டான். "மூத்திரக் கறை இதுல பளிச்சுன்னு தெரியும்."

ஜன்னல்களைச் சாத்தினார்கள். அரையிருட்டில் அவன் பக்கத்தில் நின்றபோது அவளுக்கு மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை... விளக்கு தரையெல்லாம் ஊர்ந்தது. எங்கும் கறை இல்லை.

"தரை சுத்தமா இருக்குங்க. கிண்டல் பண்ணது என் தப்பு."

எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும் சமையலறைக் கதவை அவன் இழுத்தான். அதன் பின்பக்கம், முழங்கால் உயரத்திலிருந்து கீழே வழிந்த கறை மஞ்சள் பச்சையாக மின்னியது.

"ஆம்பளைப் பூனைங்க. நின்னுகினு கதவுலதான் அடிக்கும். நீங்க பாவம், தரையைப் போட்டு பேஜார் பண்ணியிருக்கீங்க."

வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தான். "பட்டுல சாயம் பிடிக்க நாங்க புளிப்பு சேர்ப்போம். மூத்திர வாடைக்கும் அதான் எதிரி." பிறகு வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். கறையையே தின்னும் என்சைம் திரவம். தெளித்து, ஈரத்துணி போர்த்தி, நாலு மணி நேரம் ஊறவிடவேண்டும்.

"இது ஏது?"

"நீங்க கதவைச் சாத்தின மறுநாளே வேலூர் போய் வாங்கியாந்தேன்."

"அப்பவே குடுத்திருக்கலாம்ல?"

"நீங்க கேக்கணும்னு ஆசைங்க."

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. அந்த நாலு மணி நேரமும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். ஜமீன் போய் அவன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. கொடுத்து வைத்த பூனை என்று நினைத்துவிட்டு, அந்த நினைப்புக்காக அவள் வெட்கப்பட்டாள்.

கதவைத் துடைத்து, ஃபேன் காற்றில் நன்றாகக் காயவைத்தார்கள். ஐந்து மணிக்குக் கிருஷ்ணம்மாள் ஏறி வந்தாள். பக்கத்துத் தெருவில் பால் தீய்ந்தாலும் கண்டுபிடிக்கிற மூக்கு. மூலையில் மோந்தாள், கதவருகே குனிந்தாள், மறுபடியும் குனிந்தாள். அகல்யா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பூனையை எங்கியாவது விட்டுட்டியாம்மா?"

வாலைத் தூக்கிக்கொண்டு ஜமீன் கிருஷ்ணம்மாள் முன்னாலேயே நடந்து போனது. அகல்யாவுக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டாள்.

"வாடை சுத்தமா இல்லியே... யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தாம்மா," என்றான் அருள்மணி.

"உன்னை நான் எதுக்குடா அனுப்பினேன்?"

"பூனையை விரட்டத்தான். ஆனா இவங்களும் போயிடுவேன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. இவங்களை எனக்குப் புடிச்சிருக்கும்மா."

மழை திடீரென்று பலத்தது. கிருஷ்ணம்மாள் மெல்ல அகல்யா பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னா சொல்ற?"

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேங்க... ஆபரேஷன் பண்ணா அநேகமா நிறுத்திடுமாம்..."

"நான் பூனையைக் கேக்கல."

அகல்யா நிமிர்ந்தாள். இந்த முறை ரோஷமும் இல்லை, பயமும் இல்லை. அவனை நேராகப் பார்த்தே சொன்னாள்.

"எனக்கும் புடிச்சிருக்குங்க."

கிருஷ்ணம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"உங்கம்மா நம்பரைச் சொல்லு... ஜல்தி."